மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கதவு

‘பாப்பா’ என்று சொல்லும்போது வாய்க்குள் இரண்டு கதவுகள் மூடுகின்றன. ஒன்று உதடு, கண்ணாடியில் பார்த்தால் தெரியும். மற்றொன்று மேலண்ணத்தின் பின்கோடியில், உள்நாக்குக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. நாக்கின் நுனியை மேல்பல்லின் பின்புறத்திலிருந்து மெல்ல உள்நோக்கி நகர்த்தினால் முதலில் எலும்பாகக் கெட்டியான பகுதி தட்டுப்படும். அது வல்லண்ணம். அதைத் தாண்டியதும் மெத்தென்ற சதை வரும். அது மெல்லண்ணம். இந்தச் சதை மேலே எழும்பிப் பின்னால் சாய்ந்து தொண்டையின் பின்சுவரைத் தொடும்போது மூக்கின் வழி அடைபடுகிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று முழுவதும் வாய்க்கு வருகிறது. உதடு அதை ஒரு கணம் தேக்கி வைத்து விடுவிக்கிறது. அந்த வெடிப்புதான் ‘ப்’.

‘மாமா’ என்று சொல்லும்போதும் உதடு அதே இடத்தில், அதே மாதிரிதான் மூடுகிறது. ஆனால் பின்கதவு திறந்திருக்கிறது. காற்று மூக்கு வழியே போகிறது. ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அவ்வளவுதான். விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘பாட்டி’ என்று சொன்னால் ஒலி மாறாது. அதே நிலையில் ‘மாமி’ என்று சொல்ல முயன்றால் காற்று போக வழியின்றி முட்டி நிற்பது தெரியும்.

தமிழ் இலக்கணத்துக்கு இந்தக் கதவு புதிதல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் பிறக்கும் இடங்களை எண்ணும்போது தலை, கழுத்து, நெஞ்சு, பல், உதடு, நாக்கு இவற்றோடு மூக்கையும் அண்ணத்தையும் சேர்த்தே சொல்கிறது. ங, ஞ, ண, ந, ம, ன என்னும் ஆறு மெல்லெழுத்துகளும் மூக்கின் காற்றைப் பெறுகின்றன என்று தனியே குறிக்கிறது. பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லும் வல்லினம், மெல்லினம் என்ற பாகுபாடு, உடலியலின்படி பார்த்தால் மெல்லண்ணம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்ற பாகுபாடே. கருவி எதுவும் இல்லாத காலத்தில், காதையும் தம் வாயையும் மட்டுமே நம்பி இதைக் கண்டுகொண்டவர்களின் கூர்மை வியப்புக்குரியது.

மெல்லண்ணத்தைத் தூக்கும் வேலையைச் செய்வது லெவேட்டர் வேலி பாலட்டினி என்ற தசை. மண்டை ஓட்டின் அடிப்புறத்திலிருந்து இரு பக்கமும் இறங்கி, ஊஞ்சல் கயிறுகளைப் போல அண்ணத்தின் நடுவில் ஒன்று சேர்கிறது. அது சுருங்கினால் அண்ணம் மேலும் பின்னும் இழுபடும். தொண்டையின் பக்கச் சுவர்களும் உள்நோக்கி நெருங்குகின்றன. சிலருக்குப் பின்சுவரிலும் ஒரு மேடு எழும்பி முன்னால் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் குஸ்டாவ் பாசவாண்டின் பெயரால் அது ‘பாசவாண்ட் மேடு’ எனப்படுகிறது. ஆக, இது வீட்டுக் கதவைப் போல ஒரே பலகை அன்று. சுருக்குப்பையின் வாய் நாலா பக்கமும் இழுபட்டு மூடுவதற்கு நெருக்கமானது. ஒரு நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் வரும் பேச்சில், நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இது மூடவும் திறக்கவும் வேண்டும். ‘பாம்பு’ என்ற ஒரு சொல்லுக்கே ‘ப்’புக்கு மூடி, ‘ம்’முக்குத் திறந்து, ‘பு’வுக்கு மறுபடி மூடுகிறது.

இந்தக் கதவு சரியாக மூடாவிட்டால் என்ன ஆகும்? மூன்று குறைகள் கேட்கும். உயிரொலிகள் மூக்கில் எதிரொலித்து, பேச்சு முழுவதும் ‘மூக்கால் பேசுவது’ போல ஆகும். ‘ப’, ‘ட’, ‘ச’ சொல்லும்போது மூக்கிலிருந்து காற்று புஸ்ஸென்று கசியும். வாயில் காற்றழுத்தம் சேராததால் வல்லின எழுத்துகள் வலுவிழந்து மெல்லினத்தின் பக்கம் சாயும். ‘பாப்பா’ ‘மாம்மா’வாகும், ‘தாத்தா’ ‘நான்னா’வாகும். இவற்றைவிடச் சிக்கலானது நான்காவதாக ஒன்று. வாயில் அழுத்தம் சேராது என்று அனுபவத்தில் கண்டுகொண்ட குழந்தை, கதவுக்குக் கீழேயே, குரல்வளையிலேயே காற்றை நிறுத்தி ஒலியை வெட்டப் பழகிக்கொள்கிறது. ‘காக்கா’ என்பது விக்கல் போன்ற இரு வெட்டுகளாகக் கேட்கும். பின்னால் அறுவை சிகிச்சையில் கதவு சரியானாலும் இந்தப் பழக்கம் தானாகப் போவதில்லை.

குறைக்குக் காரணங்கள் பல. முதன்மையானது அண்ணப்பிளவு. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 700 முதல் 1000 குழந்தைகளில் ஒருவர் இவற்றோடு பிறக்கிறார். பிளவுள்ள அண்ணத்தில் அந்த ஊஞ்சல் கயிறுகள் நடுவில் சேர்வதில்லை. முன்னோக்கி ஓடி எலும்பின் விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன. பிளவைத் தைப்பது மட்டும் போதாது, தசையைப் பிரித்தெடுத்துப் பின்னால் திருப்பி இணைக்கவும் வேண்டும் என்பது அதனால்தான். பொதுவாக முதல் வயதை ஒட்டி அண்ண அறுவை சிகிச்சை நடக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட அறுவைக்குப் பிறகும் 20 முதல் 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கதவு முழுமையாக மூடாமல் போகலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

வெளியே தெரியாத பிளவும் உண்டு. மேல்தோல் முழுதாக இருக்க, உள்ளே தசை மட்டும் பிரிந்திருக்கும். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பதும், அண்ணத்தின் நடுவே நீலம் பாய்ந்த மெல்லிய கோடு தெரிவதும் இதன் அடையாளங்கள். இப்படிப்பட்ட குழந்தைக்கு மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதை முட்டுக் கொடுத்துக் கதவை மூட உதவிக்கொண்டிருக்கலாம். மூச்சடைப்புக்காக அதை அகற்றியதும், அதுவரை மறைந்திருந்த மூக்குப் பேச்சு வெளிப்பட்டுவிடும். அடினாய்டை எடுக்கும் முன் உள்நாக்கையும் அண்ணத்தையும் ஒருமுறை பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது. பக்கவாதம், நரம்பு நோய்கள், தலையில் பட்ட அடி ஆகியவையும் பெரியவர்களுக்கு இக்குறையைத் தரலாம்.

இதற்கு நேர் எதிரான நிலையும் இருக்கிறது. சளி பிடித்தவர் ‘மாமா’ என்பது ‘பாபா’ என்று கேட்கும். அங்கே கதவு பழுதில்லை; மூக்கின் வழி அடைபட்டிருக்கிறது. ஊர்ப் பேச்சில் இரண்டையும் ‘மூக்கால் பேசுகிறான்’ என்றே சொல்லிவிடுவார்கள். ஒன்றில் காற்று தேவைக்கு மேல் மூக்குக்குப் போகிறது; மற்றொன்றில் போக வேண்டிய காற்றே போகவில்லை. சிகிச்சையும் நேரெதிர். காதால் கேட்பதோடு நிறுத்தாமல் அளந்தும் பார்க்க வேண்டியதன் முதல் காரணம் இது.

மிக எளிய அளவை ஒரு சிறு கண்ணாடி. அதைக் குளிரவைத்து மூக்குத் துவாரத்துக்குக் கீழே பிடித்து, ‘பாப்பா பாப்பா’ என்று சொல்லச் சொன்னால், கதவு மூடாதவருக்குக் கண்ணாடியில் ஆவி படியும். மெல்லிய காகிதத் துண்டு அசைவதும் அதே சேதியைச் சொல்லும். உறிஞ்சுகுழலின் ஒரு முனையை மூக்குத் துவாரத்திலும் மறுமுனையைச் சோதிப்பவர் காதிலும் வைத்தால் நுண்ணிய கசிவும் இரைச்சலாகக் கேட்கும். மூக்கொலி இல்லாத சொல்லைத் தேர்ந்தெடுப்பதும், சொல்லி முடித்த பின் விடும் மூச்சு கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இவை கசிவு உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லமாட்டா.

‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே முயற்சி தொடங்கிவிட்டது. பிரான்ஸின் பாதிரியாரும் ஒலியியல் அறிஞருமான பியேர் ஜான் ரூசலோ, மூக்கிலும் வாயிலும் குழாய் பொருத்தி, காற்றின் அசைவைப் புகை படிந்த காகிதம் சுற்றிய சுழல் உருளையில் கோடாக வரையச் செய்தார். 1925இல் சுவிஸ் உடலியலாளர் ஆல்ஃபிரட் ஃப்ளைஷ் செய்த நியூமோடாகோகிராஃப் என்னும் கருவி இன்னும் ஒரு படி முன்னே போனது. நுண்குழாய்க் கற்றை ஒன்றின் வழியே காற்றைப் போகவிட்டு, அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டிலிருந்து நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று போகிறது என்று அது கணக்கிடுகிறது. நுரையீரல் சோதனைக்காக வந்த கருவி அது. பேச்சு ஆய்வுக்கும் பின்னர் பயன்பட்டது.

ஆனால் காற்றின் அளவு மட்டும் தெரிந்தால் போதாது. கோலார் தங்கவயலை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். 1880களிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் மூடப்படும்வரை, அங்கே ஆழச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பாறையை உடைத்தார்கள். பாறைத்தூசு நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் அவர்களின் தொழில்நோய். அப்படி மூச்சு குறைந்த ஒரு முதியவரையும் நல்ல நுரையீரல் உள்ள ஓர் இளைஞரையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் அண்ணக் கதவில் ஒரே அளவு இடைவெளி இருக்கிறது என்றால், இளைஞரின் மூக்கில் கசிவு கூடுதலாகவும் முதியவரிடம் குறைவாகவும் தெரியும். கசிவை மட்டும் பார்த்தால் முதியவரின் கதவு நன்றாக இருப்பதாகத் தோன்றும். அது தவறான முடிவு. குழாயில் சொட்டும் தண்ணீரை மட்டும் பார்த்து ஓட்டையின் அளவைச் சொல்ல முடியாது. தொட்டியில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

இந்தச் சிக்கலை 1964இல் தீர்த்தவர்கள் அமெரிக்காவின் டொனால்ட் வாரனும் ஆர்தர் டுபாயும். அவர்கள் முன்வைத்த அழுத்த–ஓட்ட முறையில் மூன்று அளவுகள் ஒரே நேரத்தில் எடுக்கப்படுகின்றன. வாயின் ஓரத்தில் செருகிய மெல்லிய குழாய் வாய்க்குள் சேரும் அழுத்தத்தை அளக்கிறது. ஒரு மூக்குத் துவாரத்தை அடைத்து அதில் பொருத்திய குழாய் மூக்குக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கிறது. மற்றத் துவாரத்தோடு இணைத்த நியூமோடாகோகிராஃப் வெளியேறும் காற்றை அளக்கிறது. கதவின் கீழே எவ்வளவு அழுத்தம், மேலே எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு காற்று நழுவுகிறது என்பது தெரிந்துவிட்டால், திறப்பின் பரப்பைக் கணக்கிட்டுவிடலாம்.

கணக்கு கடினமில்லை. அழுத்த வேறுபாட்டை இரண்டால் பெருக்கி, காற்றின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதை 0.65 என்ற திருத்த எண்ணால் பெருக்க வேண்டும். துளையின் வழியே பாயும் காற்று துளையின் முழு அகலத்தையும் நிரப்பாமல் குறுகிப் போவதற்கான திருத்தம் அது. மூக்கில் வந்த காற்றோட்டத்தை இந்தத் தொகையால் வகுத்தால் திறப்பின் பரப்பு கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: ‘ப்’ சொல்லும் கணத்தில் கதவின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு 4 சென்டிமீட்டர் நீர் அளவு, மூக்கில் நழுவும் காற்று நொடிக்கு 100 மில்லிலிட்டர் என்றால், திறப்பு ஏறத்தாழ 5.5 சதுர மில்லிமீட்டர். அழுத்தம் அதே அளவில் இருந்து காற்று 400 மில்லிலிட்டர் என்றால் திறப்பு 22 சதுர மில்லிமீட்டர்.

‘சென்டிமீட்டர் நீர்’ என்னும் அலகை வீட்டிலேயே உணரலாம். டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை 5 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி மெல்ல ஊதினால், குமிழி வரத் தொடங்கும் கணத்தில் வாயில் இருக்கும் அழுத்தம் 5 சென்டிமீட்டர் நீர். சாதாரணப் பேச்சில் ‘ப்’ சொல்ல ஏறத்தாழ அவ்வளவே தேவை. 3 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மெய்யொலி நலிந்து கேட்கும்.

திறப்பின் பரப்பை மருத்துவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? 5 சதுர மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கதவு போதுமான அளவு மூடுகிறது என்று கொள்வார்கள். அது கடுகைவிடச் சற்றே பெரிய துளை. 5 முதல் 20 வரை எல்லைக்கோட்டு நிலை. 20ஐத் தாண்டினால் கதவு போதாது. 20 சதுர மில்லிமீட்டர் என்பது 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. அதாவது ஒரு மிளகு நுழையும் அளவு. ஒரு குழந்தையின் பேச்சு மற்றவர்களுக்குப் புரிவதும் புரியாததும் ஒரு கடுகுக்கும் ஒரு மிளகுக்கும் நடுவே தீர்மானமாகிறது.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. வாய்க்குழாய் உதட்டுக்குப் பின்னால் நிற்பதால் ‘ப்’ ஒலிக்கே இது நன்றாகப் பொருந்துகிறது. ‘ட்’, ‘க்’ ஒலிகளுக்கு நாக்குக்கும் பின்னால் குழாய் போக வேண்டும். கதவு மிகப் பெரிதாகத் திறந்திருந்தால் இரு பக்க அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட, கணக்கு தடுமாறும். மூன்று வயதுக் குழந்தை மூக்கில் குழாயோடு உட்கார்ந்து சொன்னதைச் சொல்லாது. மொழியும் குறுக்கே வருகிறது. ஆங்கிலத்தில் இச்சோதனைக்குப் பழக்கமான சொல் ‘ஹாம்பர்’. ‘ம்’முக்குத் திறந்த கதவு அடுத்த ‘ப்’புக்குள் மூடுகிறதா என்று பார்ப்பதற்கு அது வசதி. தமிழில் அதற்கு இணையாகப் ‘பாம்பு’, ‘கம்பு’, ‘வேம்பு’ என்று சொற்கள் நிறைய இருந்தாலும், மெல்லினத்தை அடுத்து வரும் ‘ப்’ தமிழில் அதிர்வோடு, மென்மையாக ஒலிக்கிறது. அதற்கு வாயில் சேரும் அழுத்தமும் குறைவு. ஆங்கிலச் சொல்லுக்கான அளவை அப்படியே ‘பாம்பு’க்குப் பொருத்துவது சரியாகாது.

காற்றை விட்டு ஒலியை அளக்கும் கருவி நேசோமீட்டர். அமெரிக்காவில் சாமுவேல் ஃப்ளெட்சர் 1970இல் இதன் முன்னோடியை அறிமுகப்படுத்தினார். 1980களில் இன்றைய வடிவில் சந்தைக்கு வந்தது. தலையில் மாட்டும் பட்டையிலிருந்து ஒரு தட்டு மேலுதட்டின் மேல் படியும். தட்டுக்கு மேலே மூக்குக்கு ஒரு மைக், கீழே வாய்க்கு ஒரு மைக். மூக்கில் வரும் ஒலியை, மூக்கு வாய் இரண்டிலும் வரும் மொத்த ஒலியால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் சதவீதமே நேசலன்ஸ். உடலுக்குள் எதுவும் நுழைவதில்லை, வலி இல்லை, நான்கு வயதுக் குழந்தையும் ஒத்துழைக்கும். ஆங்கிலத்தில் மூக்கொலியே இல்லாத பத்தியை வாசிக்கும்போது குறையற்ற பேச்சுக்கு 15 சதவீதத்தை ஒட்டியும், மூக்கொலி நிறைந்த வாக்கியங்களுக்கு 60 சதவீதத்தை ஒட்டியும் இது காட்டுகிறது. மூக்கொலி இல்லாத பத்திக்கே எண் 30ஐத் தாண்டிப் போனால் கதவைக் கவனிக்க வேண்டும்.

இந்த எண் கதவின் அளவு அன்று, ஒலியின் பங்கு என்பதை மறக்கக் கூடாது. ‘இ’ சொல்லும்போது மெல்லண்ணம் ‘ஆ’ சொல்லும்போதைவிட இறுக்கமாக மூடுகிறது. ஆனாலும் ‘இ’க்கு நேசலன்ஸ் கூடுதலாகவே வரும், நாக்கு உயர்ந்து வாயின் வழியைக் குறுக்குவதால் ஒலியின் ஒரு பகுதி அண்ணத்தையே அதிரச் செய்து மூக்குக்கு ஏறுகிறது. ‘கிளி தீட்டி’ வகை வாக்கியமும் ‘பாட்டா கடை’ வகை வாக்கியமும் ஒரே குழந்தைக்கு வேறு வேறு எண்ணைத் தரும். ஆகவே எந்த வாக்கியத்தை வாசிக்கச் சொன்னார்கள் என்பது தெரியாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை.

தமிழில் அந்த வாக்கியங்களை அமைப்பது எளிதன்று. நான், நாம், நீ, நீங்கள், என், உன் என்று தன்மை, முன்னிலைப் பெயர்கள் எல்லாவற்றிலும் மெல்லினம் நிற்கிறது. ‘உம்’ சேர்க்க முடியாது. ‘ம்’மில் முடியும் சொற்களோடு ‘கள்’ சேர்த்தாலும் மரங்கள், பழங்கள் என்று ‘ங்’ வந்துவிடும். ‘பாட்டி காப்பி போட்டாள்’, ‘தாத்தா தோசை கேட்டார்’, ‘கிளி பழத்தைக் கொத்தியது’ போலப் படர்க்கையில், பொறுக்கியெடுத்த சொற்களால் மட்டுமே மூக்கொலி இல்லாத வாக்கியங்களை உருவாக்கலாம். எதிர்ப்பக்கத்துக்குப் பஞ்சமில்லை, ‘மாமி மாங்காய் நறுக்கினாள்’ போல எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம்.

எழுத்தில் தெரியாத இன்னொரு நுட்பம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. ‘மரம்’ என்று எழுதினாலும் வாயில் கடைசி ‘ம்’ கரைந்து, அதற்கு முந்தைய உயிர் மூக்கில் ஒலிக்கிறது. ‘போட்டாள்’ பேச்சில் ‘போட்டா’ ஆகிறது. ‘போட்டான்’ என்பதும் ‘ன்’ இழந்து, மூக்கில் ஒலிக்கும் ‘போட்டா’ ஆகிறது. அவள் போட்டாளா, அவன் போட்டானா என்பதைக் காதுக்குச் சொல்வது கடைசி ‘ஆ’வில் மெல்லண்ணம் மேலே நின்றதா கீழே இறங்கியதா என்பது ஒன்றே. கதவு மூடாத குழந்தையின் பேச்சில் ஆண்பால் பெண்பால் வேறுபாடே மங்கிப் போகக்கூடும். ஆங்கிலத்துக்காகச் செய்த சோதனை எதுவும் இதைக் கேட்காது.

இது வெறும் மொழியியல் அக்கறை அன்று என்பதற்குக் கோலார் மாவட்டமே சான்று. தமிழ்நாடும் ஆந்திரமும் கர்நாடகமும் ஒன்றையொன்று தொடும் எல்லை அது. ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டையிலும், பங்காருப்பேட்டையிலும், ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் ஆகிய தங்கவயல் பகுதிகளிலும் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி என்பது வாழ்க்கை முறை. தமிழின் ‘மரம்’ கன்னடத்தில் ‘மர’, ‘புத்தகம்’ ‘புஸ்தக’. அதே பொருளைச் சொன்னாலும் கன்னடச் சொல் உயிரில் முடிந்துவிடுகிறது, தமிழ்ச் சொல் மூக்கில் போய் முடிகிறது. வீட்டில் தமிழ் பேசும் தங்கவயல் குழந்தையைக் கன்னடப் பத்தியால் அளந்தால், குழந்தை அந்தப் பத்தியைத் தமிழ்ப் பழக்கத்தோடு வாசிக்கலாம், தயங்கித் தயங்கிச் சொல்லலாம். கிடைக்கும் எண் அண்ணத்தின் குறையைக் காட்டுகிறதா, மொழியின் வேறுபாட்டைக் காட்டுகிறதா என்று பிரித்தறிவது கடினம்.

அதனால்தான் நேசலன்ஸுக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே, குறையற்ற பேச்சாளர்களைக் கொண்டு அளவுகோல் தயாரிக்கிறார்கள். மைசூரில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கன்னடத்துக்கு இதைச் செய்திருக்கிறார்கள். வாய், முக அமைப்புக் குறைகளுக்கென்றே அந்த நிறுவனத்தில் ஒரு தனிப் பிரிவும் இருக்கிறது.

காற்றும் ஒலியும் மறைமுகச் சாட்சிகள். கதவை நேரில் காண இரண்டு வழிகள். மூக்கை மரத்துப்போகச் செய்து, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள வளையும் எண்டோஸ்கோப்பைத் துவாரத்தின் வழியே செலுத்தினால், பேசும்போது கதவு மூடுவதை மேலிருந்து பார்க்கலாம். இரண்டாவது வீடியோஃப்ளூரோஸ்கோபி, பேசும்போதே எடுக்கும் எக்ஸ்ரே படம். அண்ணம் எவ்வளவு நீளம், எந்த உயரத்தில் பின்சுவரைத் தொடுகிறது என்பதைப் பக்கவாட்டில் இது தெளிவாகக் காட்டும். சிலருக்கு அண்ணம் பின்னோக்கிப் போய் மூடுகிறது. சிலருக்குப் பக்கச் சுவர்களே நடுவில் சந்திக்கின்றன. சிலருக்கு எல்லாப் பக்கமும் வட்டமாகச் சுருங்குகிறது.

கதவு மூடும் விதம்தான் அறுவையின் விதத்தைத் தீர்மானிக்கிறது. தசை தவறான திசையில் இருந்து, இடைவெளி சிறிதாக இருந்தால், அமெரிக்க அறுவை நிபுணர் லியனார்ட் ஃபர்லோ 1986இல் வெளியிட்ட முறையில் அண்ணத்தை இரட்டை இசட் வடிவில் வெட்டித் திருப்பித் தைத்து நீளமாக்கலாம். இடைவெளி பெரிது, ஆனால் பக்கச் சுவர்கள் நன்றாக நகர்கின்றன என்றால், தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு சதைப் பாலத்தை எடுத்து அண்ணத்தோடு இணைக்கலாம். பாலத்தின் இரு பக்கமும் உள்ள சந்துகளைப் பக்கச் சுவர்கள் மூடிக்கொள்ளும். பக்கச் சுவர்கள் நகராதவருக்கு இதே பாலத்தைப் போட்டால் பயன் குறையும். பாலத்தை அகலமாக்கினாலோ தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஆபத்து வரும். அளக்காமல் அறுவைக்குப் போவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அறுவைக்கு ஏற்காத உடல்நிலை உள்ளவர்களுக்குப் பல் மருத்துவர் செய்து தரும், பின்னால் குமிழ் நீண்ட அண்ணத் தகடு இடைவெளியை அடைக்கும்.

பெற்றோருக்கு அடிக்கடி சொல்லப்படும் ஓர் ஆலோசனையை இங்கே மறுத்தாக வேண்டும். பலூன் ஊது, மெழுகுவத்தியை அணை, பீப்பீ ஊது என்று அண்ணத்துக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வார்கள். ஊதும்போதும் விழுங்கும்போதும் கதவு மூடும் விதம் வேறு. பேசும்போது மூடும் விதம் வேறு. விழுங்குவதில் குறையே இல்லாத குழந்தைக்கும் பேச்சில் கதவு திறந்திருக்கலாம். ஊதிப் பழகினால் ஊதுவதில்தான் தேர்ச்சி வரும். தசை எட்டாத தூரத்தைப் பயிற்சி எட்டவைக்காது. பேச்சுப் பயிற்சி பயன்படும் இடம் வேறு: கதவு சரியான பின், குரல்வளையில் வெட்டிப் பழகிய ஒலிகளை உதட்டுக்கும் நாக்குக்கும் கொண்டுவருவது. அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். அதற்கு மாற்று இல்லை.

அந்த மாதக்கணக்குதான் சிற்றூர்களின் உண்மையான இடர். அறுவை ஒரு பயணத்தில் முடிந்துவிடுகிறது. உதவி நிறுவனங்களின் துணையால் இலவசமாகவும் நடக்கிறது. வாரந்தோறும் பயிற்சிக்கு வருவது கூலிக்குப் போகும் பெற்றோரால் ஆவதில்லை. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சுத் துறையினர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, பிளவுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து, பேச்சுப் பயிற்சியை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் தங்கவயல் குடும்பங்களுக்கும் பொருந்தக்கூடிய வழி அது. பெரிய கருவிகள் பெங்களூரிலும் மைசூரிலும் இருக்கட்டும். கண்ணாடியும் உறிஞ்சுகுழலும் தமிழ் வாக்கியங்களும் ஊரிலேயே இருக்க முடியும்.

கண்டறியும் வேலைக்கு அரசின் ஏற்பாடும் இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள குழந்தைகளை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழு பரிசோதிக்கிறது. அந்தப் பரிசோதனைப் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ளன. சிகிச்சைக்கான பரிந்துரையும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

நான்கு வயதிலும் ஒரு குழந்தை ‘பாப்பா’வை ‘மாம்மா’ என்று சொன்னால், பால் குடிக்கும்போது மூக்கில் வந்தால், உள்நாக்கு இரண்டாகத் தெரிந்தால், வளர வளரச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். பேச்சுச் சோதனைக்கு உட்காரும்போது, குழந்தை வீட்டில் பேசும் மொழி எது என்பதை முதலிலேயே சொல்லி, அந்த மொழியின் வாக்கியங்களால் சோதிக்கும்படி கேளுங்கள்.